ஐந்து வாய்ப்பு போதுமா?

2018-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியின்போது உங்களில் பலர் தொடக்கப்பள்ளியில் இருந்திருப்பீர்கள், அல்லது அதற்கும் முன்பு. ஹாக்கி பார்க்கும் மாமா யாராவது வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். பெருமூச்சுதான் முதலில் வரும். ஆடவர் அரையிறுதியில் மலேசியாவும் இந்தியாவும் 2-2. ஷூட்-அவுட்டில் மலேசியா 7-6 என வென்றது. இரண்டு நாள் கழித்து இறுதியாட்டம், எதிரே ஜப்பான். 6-6. மறுபடியும் ஷூட்-அவுட். இம்முறை ஜப்பான் 3-1 என வென்று தங்கத்தைக் கொண்டுபோனது. தங்கம் நமக்குக் கிடைத்திருந்தால் நேராகத் தோக்கியோ ஒலிம்பிக். 2000 சிட்னிக்குப் பிறகு நம் ஆடவர் குழு ஒலிம்பிக் திடலில் கால் வைக்கவில்லை.

அந்த இரண்டு நாளில் நம் ஆட்டக்காரர்களின் திறமை மாறிவிட்டதா? மாறியிருக்க வாய்ப்பில்லை. அப்படியானால் ஷூட்-அவுட் எதைத்தான் அளந்தது?

விதி எளிமையானது. தாக்குபவர் 23 மீட்டர் கோட்டிலிருந்து பந்துடன் புறப்படுவார், கோல் காவலர் கோல் கோட்டிலிருந்து. விசில் ஊதியதும் 8 வினாடி. அதற்குள் கோல் போட வேண்டும். குழுவுக்கு ஐந்து பேர், மாறி மாறி. அப்போதும் சமம் என்றால் ஒரு கோல் முந்தும் வரை தொடரும். ஒரு காலத்தில் இதற்குப் பதிலாகப் பெனால்டி ஸ்ட்ரோக் இருந்தது. நின்ற இடத்திலிருந்து ஒரே அடி. அதைவிட இது எவ்வளவோ மேல். பந்தைக் கட்டுப்படுத்த வேண்டும், காவலரை ஏமாற்ற வேண்டும், நேரத்தையும் மனத்தில் வைத்திருக்க வேண்டும். திறமை வேண்டியிருக்கிறது, சந்தேகமே இல்லை. 2016 ரியோ ஒலிம்பிக் இறுதியின் ஷூட்-அவுட்டில் பிரிட்டன் மகளிர் குழுவின் காவலர் மேடி ஹிஞ்ச் நெதர்லாந்துக்கு ஒரு கோல்கூட விட்டுக்கொடுக்கவில்லை. எதிரணியினரைப் பற்றிக் குறிப்பெடுத்து வைத்துக்கொண்டு வந்தவர் அவர். அதை யாரும் வெறும் அதிர்ஷ்டம் என்று சொல்ல முடியாது.

ஆனால் திறமை தேவைப்படுவது வேறு, திறமையை அளப்பது வேறு. இரண்டாம் படிவக் கணிதத்தில் ‘கெபாராங்காலியான்’ என்று படிப்பீர்களே, தமிழில் நிகழ்தகவு, அதைக் கொஞ்சம் கையில் எடுப்போம்.

‘அ’ குழுவின் ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் பத்து முயற்சியில் ஐந்தைக் கோலாக்குவார் என்று வைத்துக்கொள்வோம். ‘ஆ’ குழுவினர் பத்தில் நான்கு. ‘அ’ சிறந்த குழு. பயிற்சியாளர் கண்ணுக்கு அது நன்றாகவே தெரியும். ஐந்து ஐந்து வாய்ப்பு, சமமானால் தொடர்ச்சி என்று கணக்கிட்டால் ‘அ’ வெல்லும் வாய்ப்பு ஏறக்குறைய 65 விழுக்காடு. அதாவது நூறு ஷூட்-அவுட்டில் 35 தடவை குறைந்த திறமையுள்ள குழு கோப்பையைத் தூக்கும். நம்பிக்கை இல்லையென்றால் இரண்டு பைகளில் பத்துப் பத்துச் சீட்டுப் போடுங்கள். ஒன்றில் ஐந்து சீட்டிலும் மற்றொன்றில் நான்கு சீட்டிலும் ‘கோல்’ என்று எழுதுங்கள். ஒவ்வொரு முறையும் எடுத்த சீட்டைத் திரும்பப் போட்டுவிட்டு ஐந்தைந்து முறை எடுங்கள். முப்பது ‘ஆட்டம்’ ஆடி முடிப்பதற்குள் விளங்கிவிடும்.

காரணம் இதுதான். ஐந்து முயற்சியில் இரு குழுவுக்கும் எதிர்பார்க்கும் இடைவெளி வெறும் அரைக் கோல். ஆனால் தற்செயலாக வரும் ஏற்ற இறக்கம் சுமார் 1.6 கோல், இடைவெளியைவிட மூன்று மடங்கு. முயற்சிகளைக் கூட்டினால் இடைவெளி அதே வேகத்தில் வளரும். ஏற்ற இறக்கமோ எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் வளரும். ஆகவே எண்ணிக்கை கூடக் கூட உண்மை மேலே வரும். ‘அ’ தான் சிறந்தது என்று 95 விழுக்காடு உறுதியோடு காட்ட வேண்டுமானால் குழுவுக்கு ஏறக்குறைய 130 முயற்சி வேண்டும். வெறும் 8 வினாடிக் கணக்கிலேயே அரை மணி நேரத்துக்கு மேல் போய்விடும். பாவம் அந்தக் கோல் காவலர்கள்.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. ஆட்டம் சமநிலையில் முடிந்தது என்பதே ஒரு தகவல். பெரும்பாலும் இரு குழுவும் கிட்டத்தட்ட ஒரே தரம் என்று அது சொல்கிறது. ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கச் சென்டிமீட்டர் கோடு மட்டும் போட்ட அடிக்கோலைக் கொடுத்தால் எப்படி இருக்கும்? ஷூட்-அவுட்டை நாம் பயன்படுத்தும் இடம் அப்படிப்பட்டது.

நியாயம் என்றால் இருவருக்கும் சம வாய்ப்பு, அவ்வளவுதானே என்று சிலர் கேட்பார்கள். அப்படியென்றால் நாணயம் சுண்டுவதைவிட நியாயமானது எதுவும் இல்லை. 1968 ஐரோப்பியக் காற்பந்துப் போட்டியின் அரையிறுதியில் இத்தாலியும் சோவியத் யூனியனும் கோலின்றிச் சமநிலை கண்டபோது உண்மையிலேயே நாணயம்தான் சுண்டினார்கள். இத்தாலி இறுதிக்குப் போனது, கோப்பையையும் வென்றது. முழுக்க நியாயம், அதனால் எதையும் அளக்கவும் இல்லை.

சரி, ஆட்டத்திலேயே நடந்ததை வைத்து முடிவு செய்யலாமே, பெனால்டி கார்னர் அதிகம் பெற்ற குழு வென்றது என்று? கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் விதி அப்படி வந்த மறுநாளே கோல் போடுவதை விட்டுவிட்டு எதிராளியின் காலில் பந்தை அடிக்கப் பழகுவார்கள். பயிற்சியாளர்களை எனக்குத் தெரியும்.

தேசியக் குழுக்கள் ஷூட்-அவுட் ஆடட்டும். அது அவர்கள் தொழில். மாதக்கணக்கில் அதற்கென்றே பயிற்சி செய்கிறார்கள், தொலைக்காட்சிக்கும் ஒரு முடிவு வேண்டும். ஜொகூர் பாருவில் நடக்கும் சுல்தான் ஆஃப் ஜொகூர் கிண்ணம் போன்ற 21 வயதுக்குட்பட்டோர் போட்டியும் ஏறக்குறைய அந்த வகைதான். 2022 இறுதியில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் 1-1 என முடிய, ஷூட்-அவுட்டில் இந்தியா 5-4 என வென்றது. அந்த வயதில் அதைத் தாங்கலாம்.

பதின்மூன்று, பதினான்கு வயதுப் பள்ளிப் போட்டிகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை. அங்கே ஐந்தாவதாக வந்து கோலைத் தவறவிட்ட பிள்ளை பேருந்தில் கடைசி இருக்கையில் போய் உட்கார்ந்துகொள்வதை விளையாட்டு ஆசிரியர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். “அழுத்தத்தைத் தாங்கப் பழகட்டும்” என்பவர்கள் உண்டு. பழகட்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் 35 விழுக்காட்டுக் கணக்கு அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. தன்னால்தான் பள்ளி தோற்றது என்றே அது நினைக்கும். பெரியவர்களும் மறுத்துப் பேசுவதில்லை.

எனவே பள்ளி அளவில் நான் கேட்பது இது. குழுப் பிரிவு ஆட்டம் சமநிலையில் முடிந்தால் சமநிலையாகவே விடுங்கள், ஆளுக்கு ஒரு புள்ளி. இறுதியாட்டம் என்றால் கூட்டு வெற்றியாளர்கள். கோப்பையை ஆறாறு மாதம் வைத்துக்கொள்ளலாம், பதக்கத்துக்குக் கூடுதல் செலவு சில நூறு ரிங்கிட்தான். காலிறுதி, அரையிறுதியில் யாராவது ஒருவர் முன்னேறியே ஆகவேண்டும். அங்கே மட்டும் ஷூட்-அவுட் இருக்கட்டும், ஆனால் ஐந்து பேர் வேண்டாம். திடலில் காவலரைத் தவிர்த்துப் பத்துப் பேர் இருக்கிறார்கள். பத்துப் பேரும் வரட்டும். முன்பு போட்ட கணக்கில் ‘அ’ குழுவின் வாய்ப்பு 65-லிருந்து ஏறக்குறைய 69 விழுக்காட்டுக்கு ஏறும். பெரிய ஏற்றம் இல்லைதான். ஆனால் தற்காப்பில் ஆடும் பிள்ளையும் 23 மீட்டர் கோட்டிலிருந்து பந்தோடு ஓடப் பழகும். தவறவிட்டவர்கள் வரிசையில் நான்கைந்து பேர் சேர்ந்து நிற்பார்கள்.