மஞ்சப்பையைப் பிரித்துப் பார்த்தீர்களா, டாக்டர்?

நோயாளிகளுக்குத் தங்கள் மருத்துவ ஆவணங்களில் அக்கறை கிடையாது. ஆபா என்னும் டிஜிட்டல் மருத்துவ ஆவணக் கணக்குத் தொடங்கிக் கொடுத்தாலும் செயலியைத் திறப்பதில்லை. குளுக்கோமீட்டர் அவர்கள் கையில் விளையாட்டுச் சாமான், எண்ணைப் பார்த்துத் தாமாகவே மாத்திரையைக் கூட்டிக் குறைக்கிறார்கள். சென்ற இதழில் மருத்துவ நண்பர் அடுக்கியிருக்கும் குற்றச்சாட்டுகள் இவை. முப்பது வருட அனுபவமாம். அத்தனை வருடத்தில் ஒரு நோயாளியின் பையையாவது முழுசாகப் பிரித்துப் பார்த்திருப்பாரா என்பது என் சந்தேகம்.

என் அம்மாவின் மஞ்சப்பையை நான் பிரித்திருக்கிறேன். ஈசிஜி தாளில் கோடு மங்கிவிடும் என்று ஒவ்வொன்றுக்கும் ஜெராக்ஸ். தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கம் சர்க்கரைக் கணக்கு: வெறும் வயிற்றில் 148, சாப்பிட்ட பின் 212. பக்கத்திலேயே ‘காதுகுத்து, கேசரி’ என்று ஒப்புதல் வாக்குமூலம் வேறு. இத்தனையையும் மேசைமேல் வைத்தார் அம்மா. ஒரு தாளைக்கூடப் புரட்டாமல், “புதுசா டெஸ்ட் எடுத்துட்டு வாங்க” என்றார் டாக்டர். இதில் அக்கறை இல்லாதவர் யார்?

செயலிக்கு வருவோம். ஆபா எண்ணே 14 இலக்கம். பல வீடுகளில் ஓடிபி போவது வெளியூரில் இருக்கும் மகனின் போனுக்கு. அதையும் தாண்டித் திறந்தால் உள்ளே ரிப்போர்ட் இருக்க வேண்டுமே? மருத்துவமனை ஏற்றினால்தானே இருக்கும்! பயந்து ஒதுங்குகிறவர்களையும் பழிப்பதற்கில்லை. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸின் சர்வர்களே இணையத் தாக்குதலில் முடங்கி, பேனாவும் காகிதமுமாக வேலை நடந்ததை நாடே பார்த்தது.

நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்கின்றன இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள். அக்கறை பற்றி இரண்டு பக்கம் எழுதிய நண்பருக்கு இது மட்டும் நினைவுக்கு வரவில்லை.

மாத்திரையைத் தாமாக மாற்றுவது ஆபத்து, மறுக்கவில்லை. ஆனால் எந்த எண் வந்தால் என்ன செய்ய வேண்டும், எப்போது ஓடி வர வேண்டும் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தீர்களா? 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வந்து சர்க்கரை பார்க்கிறார்கள். ஊழியர் விரலில் குத்தினால் மருத்துவம், வீட்டுக்காரி தானே குத்திக்கொண்டால் விளையாட்டா?

நண்பரே, நாளை வரும் முதல் நோயாளியின் பையை வாங்கி ஐந்து நிமிடம் புரட்டுங்கள். யாருக்கு அக்கறை இல்லை என்பதை அதற்குப் பிறகு எழுதுங்கள்.