மடை அடைப்பு மட்டும் எடுத்தா போதுமா?

பித்தப்பைக் கல்லால கணையம் வீங்கி ஆஸ்பத்திரியில படுத்தவங்க, வலி அடங்கினதும் கேக்கிற கேள்வி ஒண்ணுதான்: "பையை எடுக்காம மருந்துலயே சரி பண்ண முடியாதா?" பட்டணத்துல இருக்கிற நீங்களும் இதத்தான் கேப்பீங்க. உடம்பு தாங்கும்னா எடுத்துடணும்ங்கிறது என் கட்சி.

பித்தக் குழாயும் கணையக் குழாயும் சிறுகுடல்ல சேர்ற இடம் ஒண்ணுதான். ரெண்டு வாய்க்கா ஒரே மடையில விழுற மாதிரி. பையிலேர்ந்து உருண்டு வந்த சின்னக் கல்லு அங்க அடைச்சா கணையம் வீங்கும். பல நேரம் கல்லு தானா குடலுக்குள்ள போயிடும், வலியும் நிக்கும். ஆனா கல்லு விளையிற இடம் அப்படியேதானே இருக்கு?

நெதர்லாந்துல லேசான வீக்கம் வந்த 266 பேரை வச்சு நடந்த ஆய்வு, 2015-ல 'லான்செட்' மருத்துவ இதழ்ல வந்துச்சு. வீட்டுக்கு அனுப்பி 25, 30 நாள் கழிச்சு பையை எடுத்தவங்கள்ல 100-க்கு 17 பேர் ஆறு மாசத்துக்குள்ள கல் தொல்லையால மறுபடி அவஸ்தைப்பட்டாங்க. அந்தத் தடவையே எடுத்தவங்கள்ல 5 பேர்தான்.

எலுமிச்சைச் சாறும் ஆலிவ் எண்ணெயும் குடிச்சா கல்லு கொட்டும்னு வீடியோ சுத்துது. அப்படி விழுந்த 'கல்'லை ஆராய்ஞ்சு பாத்ததுல அது எண்ணெய் சோப்பா மாறின உருண்டைன்னு 2005-லயே அதே இதழ்ல எழுதிட்டாங்க. கரைக்கிற மாத்திரை சின்ன கொழுப்புக் கல்லுக்குத்தான் கேக்கும். மாசக்கணக்கா சாப்பிடணும், நிறுத்தினா கல்லு திரும்பவும் வரலாம்.

மயக்க மருந்து தாங்காத வயசாளிகளுக்கு எண்டோஸ்கோப்பி வழியா அந்த மடை வாயைக் கீறி விடுவாங்க. கணையத்துக்கு அது நல்ல காவல். ஆனா பைக்குள்ள கல்லு கிடக்கிற வரைக்கும் பை சீழ் பிடிக்கிற பயம் போகாது. வீக்கம் கடுமையா இருந்தா டாக்டரே சில வாரம் பொறுக்கச் சொல்வார். அது வேற, நாம தள்ளிப்போடுறது வேற.

"பை இல்லாம செரிக்குமா?"ன்னு பயம் வேண்டாம். பித்தம் சுரக்கிறது ஈரல். பை அதைத் தேக்கி வைக்கிற கண்மாய்தான்.

எங்க ஜெகதாப்பட்டினம் பக்கம் வயக்காட்டுக்காரர் "அறுப்பு முடியட்டும்"பார். விசைப்படகுக்காரர் "ஏப்ரல் 15-ல தடைக்காலம் வரட்டும்"பார். புதுக்கோட்டையில 2017-லேர்ந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கு, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் இருக்கு. ஆப்பரேஷன் செலவை விட, வேலை கெட்டுப்போகுமேங்கிற கணக்குதான் ஆளைத் தடுக்குது. ஒரு போகம் போனா அடுத்த போகம் விதைக்கலாம். ரெண்டாந்தடவை வர்ற வீக்கம் முதல் தடவை மாதிரியே லேசா விட்டுட்டுப் போகும்னு யாரும் சொல்ல முடியாது. வீட்டுக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட "பையை எப்ப எடுக்கலாம்?"னு கேட்டு தேதி வாங்கிட்டு வாங்க.