ஹெலிகாப்டர் பேரம்: மரக்காலை மாற்றியது யார்?

களத்துமேட்டில் கூலி நெல் அளந்து வாங்கிய விவசாயத் தொழிலாளிக்கு ஓர் உண்மை தெரியும். கூலியில் கைவைக்க மிராசுதார் நெல் குவியலைத் தொட வேண்டியதில்லை. மரக்காலை மாற்றினால் போதும். பஞ்சாலைத் தொழிலாளிக்கும் இது தெரியும். சம்பளத்தை வெட்டுவதாக முதலாளி அறிவிக்க வேண்டியதில்லை. வேலைப் பளுவின் கணக்கை மாற்றினால் போதும்.

நமது ராஷ்டிரபதியும் பிரதம மந்திரியும் பறப்பதற்கென்று 12 ஹெலிகாப்டர்கள் வாங்கிய கதையும் மரக்கால் மாறிய கதைதான். 2010 பிப்ரவரியில் கையெழுத்தாகி, 2014 ஜனவரி 1 அன்று ரத்தான பேரம் அது. ரத்தாகிவிட்டதே, இனி என்ன பேச்சு என்று சிலர் கேட்கலாம். ராஜ்யத் தலைவருக்கு ஹெலிகாப்டர் தேவைப்படுவது ஒரு நாளோடு முடிகிற விஷயமல்ல. பழைய இயந்திரம் தேயும், புதியது தேடப்படும், கம்பெனிகள் மீண்டும் வாசலில் வந்து நிற்கும். அன்று ஏமாறாமலிருக்க, முன்பு நடந்ததை உழைக்கும் மக்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லி விடுகிறோம். நாட்டின் தலைவர்கள் மாட்டு வண்டியில் போக வேண்டும் என்பது நமது வாதமல்ல. வெள்ளத்தில் மூழ்கிய ஜில்லாவுக்கும், பூகம்பம் நொறுக்கிய ஊருக்கும், பனிமலை எல்லைக்கும் அவர்கள் போய்த்தான் ஆக வேண்டும். பத்திரமாகப் போய்ப் பத்திரமாகத் திரும்ப வேண்டும். 2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் நடந்ததைத் தமிழ்நாடு மறக்கவில்லை. முப்படைத் தலைமைத் தளபதி விபின் ராவத் சென்ற மி-17 வி-5 ஹெலிகாப்டர் மேகத்தில் சிக்கி மலைச்சரிவில் விழுந்து எரிந்தது. அதிலிருந்த 14 பேரில் 13 பேர் அன்றே மாண்டனர். எஞ்சிய ஒருவரும் ஒரு வாரத்தில் இறந்தார். நெருப்பை அணைக்கக் குடத்தில் தண்ணீரோடு முதலில் ஓடியவர்கள் யார்? காயம்பட்டோரைத் தூக்கத் தம் வீட்டுக் கம்பளிகளைக் கொடுத்தவர்கள் யார்? அந்தச் சிற்றூரின் சாதாரண உழைப்பாளி ஜனங்கள்! ஆகாயத்தில் பறப்பவர் உயிரும் உயிர்தான் என்பதை நம்மவருக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. நல்ல இயந்திரம் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. அதை யார், எப்படி, யாருக்காகத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்றே கேட்கிறோம்.

ஆறாயிரம் மீட்டர், நாலாயிரத்து ஐந்நூறு மீட்டராயிற்று

தலைவர்களை ஏற்றிச்சென்ற பழைய மி-8 ரக ஹெலிகாப்டர்களுக்குப் பதில் புதியவை வேண்டும் என்று 1999-ல் விமானப்படை கேட்டது. அவற்றால் இரவிலும் மோசமான வானிலையிலும் பத்திரமாகப் பறக்க முடியவில்லை. 2,000 மீட்டருக்கு மேலுள்ள இடங்களுக்குப் போவதும் ஆபத்தாக இருந்தது. நியாயமான கோரிக்கைதான்.

2002-ல் கம்பெனிகளிடம் விலை கேட்கப்பட்டது. 6,000 மீட்டர் உயரத்தில் பறக்கக் கூடியதாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. சியாச்சின் போன்ற பனிமலைகள் உள்ள நாட்டுக்கு இதுவும் நியாயமே. இந்த நிபந்தனைக்கு ஐரோப்பாவின் இசி-225 ரகம் ஒன்றுதான் ஈடுகொடுத்தது. ஆங்கிலோ-இத்தாலியக் கம்பெனியான அகஸ்டா வெஸ்ட்லாண்டின் இயந்திரம் அந்த உயரத்துக்குச் சான்று பெற்றதல்ல. எனவே அது பரீட்சைக்கே வர முடியவில்லை.

2003-ல், வாஜ்பாய் பிரதமராக இருந்தபோது, பிரதமர் காரியாலயம் தலையிட்டது. ஒரே ஒரு கம்பெனி மட்டும் தேறினால் விலை ஏறிவிடும். 4,500 மீட்டர் போதும். ஆனால் உள்ளே ஆள் நிமிர்ந்து நிற்கும்படி 1.8 மீட்டர் உயரம் வேண்டும் என்றது. ஒற்றை வியாபாரியிடம் மாட்டிக்கொள்ளக் கூடாது என்ற வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் விளைவு என்ன? 1.8 மீட்டர் நிபந்தனையால் இசி-225 வெளியே போயிற்று. 4,500 மீட்டர் நிபந்தனையால் அகஸ்டா உள்ளே வந்தது.

2006-ல் மறுபடி விலை கேட்டபோது மூன்று கம்பெனிகள் பதில் கொடுத்தன. ஜாமீன் தொகையும் நேர்மை ஒப்பந்தமும் தரவில்லை என்று ரஷ்யக் கம்பெனி தள்ளப்பட்டது. அமெரிக்காவின் சிகோர்ஸ்கி எஸ்-92 சில நிபந்தனைகளில் தோற்றது. கடைசியில் களத்தில் நின்றது ஒரே கம்பெனிதான்! ஒற்றை வியாபாரி கூடாது என்று மரக்காலை மாற்றினார்கள். மாறிய மரக்காலும் ஒற்றை வியாபாரியின் கையில்தான் போய்ச் சேர்ந்தது. 2010 பிப்ரவரி 8 அன்று, மன்மோகன் சிங் சர்க்காரில், ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 12 ஹெலிகாப்டர்கள், விலை சுமார் 3,600 கோடி ரூபாய்.

காலுக்கு ஏற்றபடி செருப்பு தைப்பது உலக வழக்கம். இங்கே செருப்புக்கு ஏற்றபடி கால் வெட்டப்பட்டது.

தணிக்கை அதிகாரி சொன்னது

இவையெல்லாம் நமது கற்பனையல்ல. மத்திய தலைமைத் தணிக்கை அதிகாரி 2013 ஆகஸ்டில் பார்லிமெண்டில் வைத்த அறிக்கையின் சாரம் இதுவே. அந்த அறிக்கை இன்னும் சிலவற்றையும் எடுத்துக் காட்டியது.

இந்தியா வாங்கவிருந்த ரகம் அப்போது முழுதாகத் தயாராகவில்லை. ஆகவே வெளிநாட்டுக்குப் போன நமது பரீட்சைக் குழு அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறு ஹெலிகாப்டர்களையும், பயணிகள் அறையின் மாதிரியையும் பார்த்துவிட்டுத் திரும்பியது. சந்தையில் ஒரு மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டு வேறொரு மாட்டுக்குப் பணம் எண்ணிக் கொடுக்கிற விவசாயி எந்த ஊரிலாவது உண்டா?

கம்பெனி கேட்ட விலை 4,000 கோடி ரூபாய்க்குக் குறைவு. அதோடு ஒப்பிட்டுப் பேரம் பேச சர்க்கார் தரப்பு போட்ட மதிப்போ 4,800 கோடிக்கும் மேல்! விற்பவன் சொல்லும் விலையைவிட வாங்குபவன் மதிப்பு கூடினால், அப்புறம் பேரம் எங்கே நடக்கும்?

தலைவர்களுக்கென 8 ஹெலிகாப்டர்கள். அவற்றோடு பாதுகாப்பு ஆட்களுக்கென மேலும் 4. ஏற்கெனவே இருந்தவையே குறைவாகத்தான் உபயோகமாயின. எனவே இந்த நான்குக்கான சுமார் 1,240 கோடி ரூபாய் தவிர்த்திருக்கக் கூடிய செலவு என்றார் தணிக்கை அதிகாரி.

கோடிக் கணக்கு நம் மனதில் பதியாது. நமது கணக்கில் சொல்வோம். ஒரு ஹெலிகாப்டரின் விலை சுமார் 300 கோடி ரூபாய். அந்நாளில் நூறு நாள் வேலையில் ஒரு நாள் கூலி 100 ரூபாய். ஒரு குடும்பம் 100 நாளும் வேலை பார்த்தால் வருஷத்துக்கு 10,000 ரூபாய். ஆக, ஒரு ஹெலிகாப்டரின் விலை மூன்று லட்சம் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களின் ஒரு வருஷக் கூலி. அந்தக் கூலி வாரக்கணக்கில் தாமதமானால் கஜானாவில் பணமில்லை என்று பதில் வரும். ஹெலிகாப்டர் கம்பெனிக்கு அந்தப் பதில் சொல்லப்பட்டதா?

தரகர் போனார், வழக்கு நின்றது

2013 பிப்ரவரியில் இத்தாலியில், அகஸ்டாவின் தாய்க் கம்பெனியான ஃபின்மெக்கானிக்காவின் தலைவர் ஜியூசெப்பே ஓர்சி கைது செய்யப்பட்டார். இந்தப் பேரத்தைப் பெறத் தரகர்கள் மூலம் சுமார் 360 கோடி ரூபாய் லஞ்சம் கைமாறியது என்பது குற்றச்சாட்டு. அதற்குப் பிறகே நமது சர்க்கார் விழித்தது. அடுத்த மாதம் மத்தியப் புலனாய்வுத் துறை வழக்குப் போட்டது. அடுத்த ஆண்டு பிறந்த அன்று ஒப்பந்தம் ரத்தாயிற்று. அதற்குள் மூன்று ஹெலிகாப்டர்கள் வந்து இறங்கிவிட்டன. பாங்கு உத்தரவாதங்களைக் காசாக்கிக் கொடுத்த முன்பணத்தைச் சர்க்கார் மீட்டது. இது நல்ல காரியம், மறுக்கவில்லை.

ஆனால் குற்றவாளி யார்? இத்தாலியில் 2014-ல் கீழ்க்கோர்ட் லஞ்சக் குற்றச்சாட்டிலிருந்து ஓர்சியை விடுவித்தது. போலிக் கணக்குக்கு மட்டும் தண்டித்தது. 2016-ல் மிலான் அப்பீல் கோர்ட் லஞ்சத்துக்கும் தண்டித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் உச்ச நீதிமன்றம் மறு விசாரணைக்கு உத்தரவிட்டது. 2018-ல் விடுதலை, 2019-ல் அதுவே உறுதியாயிற்று.

இந்தியாவில் 2016 டிசம்பரில் முன்னாள் விமானப்படைத் தலைவர் ஒருவர் கைதாகி, அந்த மாதமே ஜாமீனில் வந்தார். குற்றச்சாட்டை அவர் மறுத்தார். தரகர் என்று குற்றஞ்சாட்டப்பட்ட கிறிஸ்டியன் மிஷேல் 2018 டிசம்பரில் துபாயிலிருந்து கொண்டுவரப்பட்டார். ஆறு வருஷத்துக்கு மேல் சிறையில் இருந்த பின், 2025 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் அவருக்கு ஜாமீன் வழங்கியபோதும் விசாரணை முடிந்தபாடில்லை. குற்றம் நிரூபணமாகாமல் ஒருவரைக் குற்றவாளி என்று சொல்ல நாம் தயாரில்லை. ஆனால் பன்னிரண்டு வருஷமாகியும் நிரூபிக்கவும் முடியவில்லை, விடுவிக்கவும் முடியவில்லை என்றால், அந்த விசாரணைக்கு என்ன பெயர்? தேர்தல் வந்தால் ஒரு கட்சி மற்றொரு கட்சியைத் திட்ட இந்த வழக்கு பயன்பட்டது. உண்மையைக் கண்டுபிடிக்கப் பயன்படவில்லை.

கம்பெனியின் கதி? பெயரை லியோனார்டோ என்று மாற்றிக்கொண்டது. 2021 நவம்பரில் மோடி சர்க்கார் அதன்மீதான தடையை நிபந்தனைகளோடு நீக்கியது. நிபந்தனையை மாற்றச் சொன்னது ஒரு சர்க்கார். கையெழுத்துப் போட்டது இன்னொரு சர்க்கார். கதவை மறுபடி திறந்தது மூன்றாவது சர்க்கார். கொடி மாறியது, கம்பெனியின் லாபவேட்டைக்கு வழி அடைபடவில்லை.

அமெரிக்காவிலும் அதே கதை

இது இந்தியாவின் தனி வியாதி என்று நினைக்க வேண்டாம். அமெரிக்க ஜனாதிபதிக்காக 2005-ல் லாக்ஹீட் மார்ட்டின் கம்பெனியின் தலைமையில் தேர்வானதும் இதே அகஸ்டா குடும்ப ஹெலிகாப்டர்தான். வெள்ளை மாளிகையும் ராணுவமும் தேவைகளை அடுக்கிக்கொண்டே போயின. சுமார் 600 கோடி டாலரில் தொடங்கிய 28 ஹெலிகாப்டர் திட்டம் 1,300 கோடி டாலருக்கு ஏறியது. 2009-ல் ஒபாமா சர்க்கார் அதை ரத்து செய்தது. சுமார் 300 கோடி டாலர் செலவாகியிருந்தது. கையில் மிஞ்சிய ஒன்பது ஹெலிகாப்டர்களை 2011-ல் கனடா 16 கோடியே 40 லட்சம் டாலருக்கு வாங்கியது, உதிரி பாகங்களுக்காக!

2014-ல் புதிய ஒப்பந்தம் சிகோர்ஸ்கிக்குப் போயிற்று. இந்தியாவின் பரீட்சையில் தேறாத அதே எஸ்-92 குடும்பம்! அடுத்த ஆண்டே சிகோர்ஸ்கியை விலைக்கு வாங்கியது யார் தெரியுமா? முதல் திட்டத்தை நடத்திய லாக்ஹீட் மார்ட்டின். தோற்ற பேரமும் ஜெயித்த பேரமும் ஒரே ஏகபோகத்தின் பெட்டியில் விழுந்தன. அந்தப் புது ஹெலிகாப்டரோ, வெள்ளை மாளிகைப் புல்தரையைத் தன் இயந்திர வெப்பத்தால் கருக்கிற்று. 2024 ஆகஸ்டில்தான், அதுவும் சிகாகோவில், முதன்முதலாக ஜனாதிபதியை ஏற்றிப் பறந்தது. ஒப்பந்தமாகிப் பத்து வருஷம்!

ஒரு நாட்டில் தேறுவது மற்றொரு நாட்டில் தோற்கிறது. அப்படியானால் முடிவு செய்வது இயந்திரமல்ல. நிபந்தனை எழுதும் பேனா. அந்தப் பேனா யார் கையில் இருக்கிறது, யார் காதோரம் பேசினார்கள் என்பதே கேள்வி.

நாம் கேட்பது

இனி எப்போது இப்படிப்பட்ட கொள்முதல் வந்தாலும், நிபந்தனைகள் விலை கேட்கும் முன்பே பார்லிமெண்ட் கமிட்டியின் முன் வைக்கப்பட வேண்டும். ஒரு நிபந்தனை மாறினால், மாற்றச் சொன்னவர் யார், காரணம் என்ன என்பது எழுத்தில் இருக்க வேண்டும். ராணுவ ரகசியம் என்று சொல்லி மறைக்க இதில் ஒன்றுமில்லை. கூரை எத்தனை அடி என்பது எந்த எதிரிக்கும் உதவாது.

வாங்கப் போகிற இயந்திரத்தையே, நமது மலைகளில், நமது வெயிலில் ஓட்டிப் பார்க்க வேண்டும். தேவைக்கு மேல் ஒன்றுகூட வாங்கக் கூடாது. ஊழல் வழக்குகளுக்குக் காலவரை வேண்டும். தரகரோடு நில்லாமல், பணம் எந்த வாசல்வரை போயிற்று என்பதைக் கண்டறிய வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பெங்களூரில் 1940-ல் தோன்றிய ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை நம்முடையது. அதன் தொழிலாளரும் இன்ஜினீயர்களும் கட்டிய துருவ் ஹெலிகாப்டர் 1992-ல் முதன்முதலாகப் பறந்தது. அது சிறிய ரகம், குறைகளும் உண்டு. ஆனால் பெரிய ரகத்தைக் கட்ட அவர்களுக்குப் பணமும் காலமும் கொடுத்திருந்தால், 1999 முதல் கழிந்த வருஷங்கள் வீணாகியிரா. அந்நியக் கம்பெனிக்குக் கொடுக்க ஒரே கையெழுத்தில் கிடைத்த 3,600 கோடி, பொதுத்துறைக்கு என்றால் மட்டும் ஏன் கிடைப்பதில்லை?

இது டில்லி விவகாரம், நமக்கென்ன என்று இருந்துவிடக் கூடாது. அந்த ஹெலிகாப்டருக்குப் பணம் கொடுப்பவர் அதில் ஏறாதவர்தான். தீப்பெட்டிக்கும் சோப்புக்கும் வரி கட்டும் ஒவ்வொருவரும் அதன் விலையில் பங்கு கொடுத்திருக்கிறார். பங்கு கொடுத்தவனுக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு.

களத்துமேட்டில் மரக்கால் மாறியபோது நமது முன்னோர் வாய்மூடி இருக்கவில்லை. முத்திரை குத்திய சரியான படியால் அள என்று நின்றார்கள்; நின்று பெற்றார்கள். டில்லியின் களத்துமேட்டிலும் அதே குரல் ஒலிக்கட்டும்!