பன்றிக் காவலும் பாராமுக அரசும்

காட்டுப்பன்றியை வேட்டையாடி, மயிர் பொசுக்கி, இறைச்சியைப் பங்கிடுவோர் உளர். பல்லோடு தலையைப் பாடஞ் செய்து சுவரில் மாட்டுவோரும் உளர். கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று முஸ்லிம் விவசாயிக்கோ அவ்விறைச்சி ஹராம். தலையும் வேண்டாப் பொருள். விளைந்த வயலைக் கிளறிப் புரட்டும் பன்றியால் அவன் காண்பது நட்டமொன்றே.

1937ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் ஒதுக்குக் காடுகளுக்கு வெளியே பன்றிக்குக் காப்பளிக்கவில்லை. அது மட்டும் பயிருக்குக் காவலாகுமா? வழியற்றோர் நாட்டின் பல பாகங்களில் கட்டுத்துவக்கையும் 'ஹக்க பட்டாஸ்' எனும் வாய்வெடியையும் நாடுகின்றனர். முன்னது மனிதரை முடமாக்குகிறது. பின்னது யானைக் கன்றின் தாடையைச் சிதைக்கிறது.

நாம் கேட்பது மூன்று: பன்றி நுழையாத் தாழ்கம்பி மின்வேலி, அனுமதித் துவக்கு, அழிந்த பயிருக்கு நட்டஈடு. நாட்டுக்குச் சோறூட்டுவோன் இரவெல்லாம் பரணில் விழித்திருப்பது நீதியோ?