அடுக்களையில் மேசை எங்கே?

தீபாவளிக்கு இரண்டு திங்கள் இருக்கும்போதே நம் குடியிருப்புகளில் தச்சர்களின் அளவு நாடா நீளத் தொடங்கிவிடுகிறது. பழைய அலமாரிகளைப் பெயர்த்தெறிந்துவிட்டு, விளம்பர ஏட்டில் கண்டவாறே சமையற்கட்டின் மூன்று சுவர்களையும் புதிய அலமாரிகளால் அடைப்பதே வீட்டுக்குச் சிறப்பென்று கருதப்படுகிறது. சேமித்த பணம் மட்டுமன்றிக் கடன்பட்ட பணமும் இதில் கரைகிறது. வேலை முடிந்து தச்சர் போன பின்னரே ஒரு வினா எழுகிறது: உண்ணும் மேசையை எங்கே போடுவது?

பெரும்பாலும் அது வரவேற்பறைக்குத் துரத்தப்படுகிறது. ஒரு மாதத்திற்குள் அதன்மேல் நாளேடும் மின்கட்டணச் சீட்டும் மடிக்காத துணியும் குடியேறிவிடுகின்றன. பிள்ளைகள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு தொலைக்காட்சியைப் பார்த்தபடி உண்கின்றனர். தாயோ கடைசித் தோசையைச் சுட்டு, அடுப்பருகே நின்றபடியே தின்று முடிக்கிறாள். வறுமையால் வந்த நிலையன்று இது. பல்லாயிரம் வெள்ளி செலவிட்டுச் செய்துகொண்ட ஏற்பாடு!

இடம் போதாது என்பர். மக்கள் வீடமைப்புத் திட்ட அடுக்ககங்களில் ஒரு வீட்டின் பரப்பு ஏறத்தாழ 700 சதுர அடிதான். அதற்குள் மூன்று படுக்கையறைகளும் அடங்க வேண்டும். ஆயினும் தோட்டத்து லயத்து வீடுகளில் இவ்வளவு இடமும் இருந்ததில்லை. அங்கே அடுப்புக்கு எதிரே தரையில் அமர்ந்து உண்டனர். அக்காலத்தைப் போற்றிப் பாட வேண்டியதில்லை. விறகுப் புகையில் கண் கெட்ட பாட்டிமார் பலர், அங்கும் பெண்கள் கடைசியில்தான் உண்டனர். எனினும் சமைப்பவளும் உண்பவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தனர். அந்த ஒன்றையும் இன்று அலமாரிக்குப் பலி கொடுப்பது என்ன அறிவுடைமை?

கணக்கைப் பார்ப்போம். பத்தடிக்குப் பத்தடி அறை என்று கொள்க. மேடையின் அகலம் இரண்டடி. மூன்று பக்கமும் மேடை கட்டினால் நடுவில் எஞ்சுவது ஆறடிக்கு எட்டடி; அதில் மேசையும் நாற்காலிகளும் போட்டால் நடக்க இடமிராது. இரு சுவர்களை ஒட்டி மட்டும் மேடை அமைத்தால் எட்டடிக்கு எட்டடி கிடைக்கும். எதிர்மூலையில் சுவரோடு ஒன்றரையடி அகல விசிப்பலகையும், அதன்முன் நான்கடி நீளமும் இரண்டரையடி அகலமும் உள்ள மேசையும் போடலாம். ஒருவருக்கு இரண்டடி வீதம் பலகையில் இருவர், எதிரே இருவர், ஓரத்தில் ஒருவர் என ஐவர் உண்ணலாம். மேசைக்கும் மேடைக்கும் இடையே நான்கடி மிஞ்சும். நாற்காலிகளை உள்ளே தள்ளிவிட்டால் சமைப்பவர் தடையின்றிப் புழங்கலாம். ஆகவே, முதலில் மேசைக்கு இடம் குறித்துவிட்டு, எஞ்சிய சுவர்களையே அலமாரிக்கு விட வேண்டும். இன்று நடப்பது இதற்குத் தலைகீழ்.

சமையலறை தனித்திருப்பதே நாகரிகம் என்று வாதிடுவோர் மேனாட்டைச் சான்று காட்டுவர். 1926இல் மார்கரெட்டே ஷுட்டே-லிஹோட்ஸ்கி என்னும் பெண் கட்டடக் கலைஞர் வடிவமைத்த ஃபிராங்க்ஃபர்ட் சமையலறை 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமும் கொண்டது. வீண் நடையைக் குறைப்பதே அதன் நோக்கம். உண்ணுமிடம் அதற்கு வெளியேதான் இருந்தது. ஆயினும் வாழ்வறைக்குச் செல்ல இழுகதவு ஒன்றை வைத்திருந்தார். சமைக்கும் தாய் பிள்ளைகளைப் பார்க்க வேண்டும் என்பதற்காக. நம்மவர் அலமாரியை மட்டும் பின்பற்றி, அந்தக் கதவை மறந்துவிட்டனர்.

விளம்பர ஏட்டில் இல்லாதவை வேறு சிலவும் உண்டு. எரிவாயு காற்றினும் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். அழகுக்காக எரிவாயுத் தோம்பைக் காற்றோட்டமில்லாத பெட்டிக்குள் ஒளித்து வைப்பது ஆபத்தை விலைக்கு வாங்குவதே. அடுப்பைச் சன்னலுக்கு நேர்கீழே வைத்தால் காற்றில் சுடர் அலையும். சற்று விலகி வைத்து, மேலே வெளியேற்று விசிறி பொருத்துவது நலம். மேடையின் உயரத்தைத் தச்சர் தம் வழக்கப்படியே வைக்கிறார். சமைப்பவரின் முழங்கைக்கு நான்கு முதல் ஆறு அங்குலம் கீழே இருக்க வேண்டும் என்பதே முறை. ஐந்தடி உயரப் பெண்ணுக்கு 36 அங்குல மேடை தோள்வலியைத் தரும். வீட்டுத் தலைவியை நிற்கவைத்து அளந்த தச்சர் எத்தனை பேர்?

தாளிப்புப் புகை மேசையில் படியும் என்பது நேர்மையான மறுப்பு. மீன் பொரிப்பதற்கும் கறி வறுப்பதற்கும் பின்கட்டில் ஓர் அடுப்பு வைக்க வசதியுள்ளவர் வைக்கட்டும். இல்லாதவர் விசிறியை ஓடவிட்டு, உண்ணுமுன் மேசையைத் துடைத்துக்கொள்ளட்டும். வருகிற விருந்தினர் அடுப்படியைப் பார்த்துவிடுவாரே என்னும் கூச்சத்துக்குத்தான் மறுமொழி சொல்லத் தோன்றவில்லை. வேளைக்கொன்றாகக் கணக்கிட்டால் ஆண்டுக்கு 1,095 முறை குடும்பம் உண்கிறது. விருந்தினர் எத்தனை முறை வருகிறார்?

தச்சருக்கு முன்பணம் தருவதற்குமுன் ஒரு சுண்ணக்கட்டியை எடுத்துத் தரையில் கோடு போட்டுப் பார்க்கலாம். மேடை, மேசை, விசிப்பலகை, குளிர்பதனப் பெட்டியின் கதவு திறக்கும் வளைவு ஆகிய அனைத்தையும் வரைந்து, வீட்டார் எல்லாரையும் அதற்குள் உட்காரச் சொல்ல வேண்டும். அடுப்புக்கு மிக அருகில் உள்ள நாற்காலி தாய்க்கு. அந்த இடம் கோட்டுக்குள் அடங்கும்வரை அலமாரியைச் சுருக்கிக்கொண்டே வரலாம்.