சேரும் வாசல் அகலம், வெளியேறும் வாசல் எங்கே?

"உங்கள் கருத்தைச் சொல்லுங்கள், ஐந்து நட்சத்திரம் போடுங்கள்" என்று கைப்பேசியில் நாள்தோறும் கேட்கிறார்கள். படம் பார்க்க ஒரு செயலி, பிள்ளைக்குப் பாடம் சொல்ல ஒன்று, உடம்பு இளைக்க இன்னொன்று. எல்லாவற்றுக்கும் மாதச் சந்தா. கேட்டதால் சொல்கிறோம், தோழர்களே: சரக்கு நல்லதா கெட்டதா என்பது பிறகு. காசு பிடுங்கும் முறை பகற்கொள்ளை.

முதல் மாதம் இலவசம் என்பார்கள். இலவசத்துக்கு வங்கிக் கணக்கு எதற்கு? 'ஆட்டோ பே'க்கு ஒரு முறை ரகசிய எண்ணைத் தட்டிவிட்டால் தீர்ந்தது. அடுத்த மாதம் முதல் பணம் தானே போகும். 199 ரூபாய் என்றால் சின்னத் தொகையாகத் தெரியும்; ஆண்டுக்கு 2,388 ரூபாய். தாராவியில் விடியுமுன் இட்லி அவித்துத் தெருத்தெருவாக விற்கும் குடும்பம் எத்தனை இட்லி விற்றால் இந்தப் பணம் கையில் மிஞ்சும்? செயலி செய்த கெட்டிக்காரர்கள் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்கட்டும்.

ரயில்வே கவுன்ட்டரில் காலம் தள்ளியவர்கள் நாங்கள். சீசன் டிக்கெட்டும் ஒருவகைச் சந்தாதான். கெடு முடிந்த மறுநாள் அது வெறும் தாள். வேலை போனவனிடமும், ஊருக்குப் போனவனிடமும் அடுத்த மாதக் காசை ரயில்வே கேளாமல் எடுப்பதில்லை. (ரயில்வேயிடம் குறைகள் ஆயிரம் உண்டு. இந்தக் குறை மட்டும் இல்லை.)

சட்டம் இல்லையா? இருக்கிறது. பணம் எடுக்க 24 மணி நேரத்துக்கு முன்பே தகவல் தரவேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் விதி 2021 அக்டோபர் முதல் நடப்பில் இருக்கிறது. தகவல் வருகிறது, ஆங்கிலத்தில், பத்துக் கடன் விளம்பரங்களுக்கு நடுவே. ஒவ்வொரு முறையும் ஒப்புதல் கேட்காமலே எடுக்கலாம் என்றிருந்த 5,000 ரூபாய் வரம்பை 2022 ஜூனில் 15,000 ஆக உயர்த்தினார்கள். 15,000 ரூபாய் நம்மில் பலருக்கு ஒரு மாதச் சம்பளம், ஐயா!

2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 ஏமாற்று வித்தைகளைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. அதில் சந்தாப் பொறியும் ஒன்று. இலவசச் சந்தாவுக்கு ஆட்டோ டெபிட் கேட்பதும், விலகும் வழியை மறைப்பதும் அந்தத் தடையில் அடங்கும். அப்படியிருந்தும் 'சேர்' என்ற பொத்தான் கண்ணைப் பறிக்கிறது. 'விலகு' என்பதைத் தேடிப் பிடித்தால், "நிச்சயமாகவா?" என்று மூன்று முறை கெஞ்சுகிறது. படிக்காமல் ஏன் அழுத்தினாய் என்று நம்மையே குறை சொல்பவர்களும் இருக்கிறார்கள். புரியும் மொழியில் எழுதிவிட்டு அதைக் கேளுங்கள் என்கிறோம்.

எங்கள் கோரிக்கை பெரிதல்ல. ஒரே தட்டில் சேர முடிந்தால் ஒரே தட்டில் விலகவும் முடியவேண்டும். எச்சரிக்கைத் தகவல் தமிழில் வரவேண்டும். இலவச மாதம் முடிந்தால் சீசன் டிக்கெட் போல அதுவும் முடியவேண்டும்.

அதுவரை நம் கையில் உள்ளதைச் செய்வோம். பணம் அனுப்பும் செயலியில் 'ஆட்டோ பே' பகுதியைத் திறந்தால் யார் யார் நம் கணக்கில் கை வைத்திருக்கிறார்கள் என்று தெரியும். வேண்டாததை அங்கேயே ரத்து செய்யலாம். மறுத்தால் 1915 எண்ணுக்குப் புகார் சொல்லுங்கள், கட்டணம் கிடையாது. பார்க்கத் தெரியாத தாய்மார்கள் ஞாயிறு மாலை கைப்பேசியோடு சங்கத்துக்கு வாருங்கள். கூட உட்கார்ந்து பார்க்கிறோம். ரகசிய எண்ணை மட்டும் எங்களிடமும் சொல்லாதீர்கள்.