மாத்திரை மேல் பழி போடாதீர்கள்

"மனச்சோர்வு மாத்திரை சாப்பிடும் நுரையீரல் புற்றுநோயாளிகள் சீக்கிரம் இறக்கிறார்கள்; நிறுத்துங்கள்" என்று சிலர் சொல்லிவருகிறீர்கள். அந்த மாத்திரை பல நேரம் யாருக்கு எழுதப்படுகிறது? நோய் முற்றி, தூக்கமும் பசியும் போனவருக்கு. குடை விரித்த இடத்தில் மழை பெய்கிறது என்பதற்காகக் குடையா மழையை வரவழைத்தது?

பாஸ்டனில் நோய் பரவிய 151 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து ஆராய்ந்த முடிவு 2010இல் வெளியானது. வலியோடு மனதையும் கவனிக்கும் நோய்த்தணிப்புச் சிகிச்சையை ஆரம்பத்திலேயே சேர்த்துப் பெற்றவர்களிடம் மனச்சோர்வு குறைவு; இடைநிலை ஆயுள் 11.6 மாதம், மற்றவர்களுக்கு 8.9. அதை மாத்திரையின் சாதனை என்று நான் சொல்லவில்லை. மனதையும் கவனித்ததால் அங்கே அந்தக் குழுவின் ஆயுள் குறையவில்லை.

தருமபுரி மாவட்டம் அரூரிலிருந்து சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைவரை பஸ்ஸில் போய்வரும் நோயாளி உங்கள் பேச்சை நம்பித் திடீரென நிறுத்தினால் தலைசுற்றலும் பதற்றமும் வரலாம். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவர் இருக்கிறார், அவரிடம் கேட்கட்டும்.